படத்தில் இருக்கும் குட்டி ஈ எந்த இனம்? எதுவரை சொல்ல முடியும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தக்காளி இலையில் ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்கள். இரண்டிலும் 2 மி.மீ. அளவில் மஞ்சளும் கறுப்புமான ஓர் ஈ. பூச்சிகளை அடையாளம் காட்டும் செயலி ஒன்றை லிரியோமைசா சடைவே என்றது, மற்றதை லிரியோமைசா டிரைஃபோலி என்றது. எது சரி, எதை வைத்துப் பிரிப்பது, பூச்சியைப் பிடித்து வைத்தால் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் லிரியோமைசா பேரினத்தைச் சேர்ந்த இலைத் துளைப்பான் ஈக்கள் என்பதுவரை தயங்காமல் சொல்வேன். அதற்கு மேல் போக இந்தப் படங்கள் இடம் தரவில்லை. செயலி சொன்ன இரண்டு பெயர்களும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். ஒரே ஈயின் இரண்டு கோணங்களாகக்கூட இருக்கலாம். பூச்சியைப் பிடித்து வைத்தால் கட்டாயம் பயன்படும், அதுவும் ஆண் ஈயாக இருந்தால். ஏன் இப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது இலைத் துளைப்பானோடு முடிகிற சிக்கல் இல்லை. 5 மி.மீ.க்குக் குறைந்த எந்த ஈயைப் படம் எடுத்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

கொசுவையும் சேர்த்து, இரண்டே இறக்கைகள் கொண்ட டிப்டெரா வரிசையில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 1.5 லட்சத்துக்கும் மேல். பெயர் வைக்கப்படாதவை இன்னும் ஏராளம். இவற்றில் பெரும்பகுதி நம் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரிகிற சிறிய ஈக்கள். மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமுள்ள, கூன் முதுகோடு விறுவிறுவென்று ஓடுகிற, பழுப்பும் கறுப்புமான ஈக்கள். அப்படிப்பட்ட ஒன்றின் முதுகுப் படத்தைப் பார்த்து இனப்பெயர் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்த உறுப்பை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

உற்றுப் பார்க்காததால் வரும் குழப்பம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். டிரோசோஃபிலா மெலனோகேஸ்டர் என்ற பழ ஈக்குப் பூச்சியியலாளர் மெய்கன் பெயர் வைத்தது 1830இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியல் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்து, கண் நிறத்திலிருந்து முள்மயிரின் வளைவுவரை உருப்பெருக்கியின் கீழ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் அதன் கூடவே இன்னோர் இனம் இருப்பது உடனே புலப்படவில்லை. மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட் 1919இல் அதற்கு டிரோசோஃபிலா சிமுலன்ஸ் என்று பெயரிட்டார். காட்டிக்கொடுத்தது தோற்றம் அல்ல, கலப்பின் விளைவு. மெலனோகேஸ்டர் பெண்ணோடு சிமுலன்ஸ் ஆணைச் சேர்த்தால் பெண் ஈக்கள் மட்டுமே பிறந்தன, அவையும் மலடாக இருந்தன. உடலில் தெளிவான வேறுபாடு ஆணின் வயிற்று நுனியில் இருக்கிறது. பிறப்புறுப்பின் பக்கத்தில் பின்னோக்கி நீளும் ஒரு மடல் சிமுலன்ஸில் அகன்று சிப்பி வடிவில் இருக்கும், மெலனோகேஸ்டரில் ஒடுங்கிக் கொக்கி போல இருக்கும். பெண் ஈக்களைப் பிரிப்பது இன்றைக்கும் பெரும்பாடு.

இங்கே ஒரு பொது உண்மை இருக்கிறது. நெருங்கிய உறவுள்ள ஈ இனங்களில் நிறம், உருவம், இறக்கை எல்லாம் அப்படியே ஒத்திருக்க, ஆணின் பிறப்புறுப்பு மட்டும் வேகமாக மாறிப்போகிறது. இணை தேர்வின் அழுத்தம் நேரடியாக விழும் உறுப்பு அது. அதனால்தான் பல குடும்பங்களில் இனங்காணும் திறவுகோலின் (படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலின்) கடைசிப் படிகள் எல்லாம் அந்த உறுப்பின் வடிவத்தில் போய் முடிகின்றன. சதை ஈக்கள் இதற்கு நல்ல சான்று. சாம்பல் மார்பில் மூன்று கறுப்புக் கோடுகள், சதுரங்கக் கட்டம் போன்ற வயிறு, செங்கண்கள் என்று நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஆணின் உறுப்பை வெளியே இழுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அவை தனித்தனியாகப் பிரியும்.

இனி, எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம். முதலில் எதை நம்பக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தையும் அளவையும் வைத்துத் தொடங்காதீர்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிப் போய், மென்மையாக, சில சமயம் இறக்கைகூட முழுதாக விரியாமல் இருக்கும். சில மணி நேரம் கழித்தே அதன் உண்மையான நிறம் ஏறும். உலோகப் பச்சையாக மின்னும் நீண்டகால் ஈக்கள் ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து நீலமாகவும் செம்பாகவும் தெரியும். ஆல்கஹாலில் இட்ட ஈயின் மேல் படிந்திருக்கும் சாம்பல் பொடிப் பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அந்தப் பூச்சின் வரிகளை வைத்துப் பிரிக்கும் இனங்களுக்கு அப்போது பிடிமானமே இருக்காது. அளவோ, புழுப் பருவத்தில் கிடைத்த உணவின் கணக்கு. நெரிசலில் வளர்ந்த புழு குட்டி ஈயாகும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வந்தவற்றில்கூடப் பெரிதும் சிறிதும் இருக்கும்.

முதல் வேலை குடும்பத்தைக் கண்டுபிடிப்பது. இதைத் தாண்டிக் குதிப்பதுதான் பெரும்பாலான தவறான பெயர்களுக்குக் காரணம். குடும்பத்துக்கு மிகச் சிறந்த வழிகாட்டி இறக்கை நரம்பு. நரம்புகள் காய்ந்தாலும் ஊறினாலும் மாறுவதில்லை, ஓரளவு தெளிவான படத்திலேயே தெரியும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். இறக்கை உடலை மூடி மடிந்திருந்தால்கூட, ஒளி பின்னாலிருந்து விழும்போது எடுத்த படத்தில் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

வீட்டுக்குள் சுற்றும் ‘குட்டி ஈ’க்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பழ ஈ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை ஐந்தாறு வெவ்வேறு குடும்பங்கள். கூன் ஈக்களின் இறக்கையில் முன்விளிம்பை ஒட்டித் தடித்த நரம்புகள் குவிந்து நடுவழியிலேயே முடிந்துவிடும், மீதிப் பரப்பில் குறுக்கு நரம்பே இல்லாமல் மெல்லிய கோடுகள் சரிவாக ஓடும். இதை ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிட மாட்டார். டிரோசோஃபிலா குடும்பத்தில் முன்விளிம்பு நரம்பு இரண்டு இடங்களில் அறுபட்டிருக்கும், உணர்கொம்பின் இழை கிளைவிட்டு இறகு போல இருக்கும். சிவந்த கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வேறு குடும்பங்களிலும் சிவந்த கண் உண்டு. ஈரத் தொட்டி மண்ணிலிருந்து எழும் கறுத்த மெல்லிய ஈ என்றால் சியாரிட் குடும்பமாக இருக்கக்கூடும். அதன் இரண்டு கண்களும் உணர்கொம்புக்கு மேலே ஒரு குறுகிய பாலத்தால் இணைந்திருக்கும், இறக்கை நடுவில் ஒரு நரம்பு மணி வடிவில் கவைபடும். சாக்கடையோரம் சுவரில் ஒட்டியிருக்கும், இறக்கை முழுதும் மயிர் அடர்ந்த குட்டி அந்துப்பூச்சி போன்றது சைகோடிட். பின்காலின் பாதத்தில் முதல் கணு குட்டையாகவும் வீங்கியும் இருந்தால் ஸ்ஃபெரோசெரிட் என்ற சாண ஈக் குடும்பம். உச்சந்தலையில் உள்ள மூன்று தனிக்கண்களை (பெரிய கண்களைத் தவிர உள்ள சிறு கண்களை) சுற்றிப் பளபளக்கும் பெரிய முக்கோணத் தகடு இருந்தால் குளோரோபிட், கண்ணைச் சுற்றி மொய்க்கும் கண் ஈக்கள் அந்தக் குடும்பம்.

சற்றுப் பெரிய ஈக்களிலும் இதே வழிதான். வீட்டு ஈயின் இறக்கை நுனியருகே நடு நரம்பு சட்டென்று மேலே மடங்கும். அதைப் போலவே அறைக்குள் வட்டமிடும் ஃபானியாவில் அதே நரம்பு நேராக ஓடிவிடும். மிதவை ஈ என்று ஐயம் வந்தால், இறக்கை நடுவே இரண்டு நரம்புகளுக்கு இடையில் எதிலும் சேராமல் ஓடும் பொய் நரம்பைத் தேடுங்கள். அந்தக் குடும்பத்தில் மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர எல்லாவற்றிலும் அது உண்டு.

இறக்கைக்கு அடுத்தது முள்மயிர்கள். ஈயின் உடலில் உள்ள தடித்த முள்மயிர்கள் தாறுமாறாக முளைத்தவை அல்ல. எந்தத் தகட்டில், எத்தனை, எந்தப் பக்கம் சாய்ந்து என்பது ஏறக்குறைய நிலையானது. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தனிக்கண்களுக்குப் பின்னால் இருக்கும் இணை முள்மயிர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா, விலகிச் சாய்கின்றனவா என்ற ஒரே கேள்வி சில குடும்பங்களைப் பிரித்துவிடும். மார்பின் பக்கவாட்டில், பின்காலின் அடிக்கு மேலே முள்மயிர் வரிசை இருந்தால் ஊதா ஈ, சதை ஈ, டாக்கினிட் (மற்றப் பூச்சிகளில் ஒட்டுண்ணியாக வளரும் ஈ) ஆகிய பக்கம் போகலாம், இல்லையென்றால் வீட்டு ஈயின் குடும்பப் பக்கம். பச்சை ஈக்களில் லூசிலியா செரிக்காட்டாவும் லூசிலியா குப்ரினாவும் மிகவும் குழப்பும் இணை. தலையின் பின்புறத்தில் உச்சிக்குக் கீழே உள்ள சிறு மயிர்கள் குப்ரினாவில் பக்கத்துக்கு ஒன்றுதான், செரிக்காட்டாவில் பல. முன்கால் தொடை குப்ரினாவில் பச்சையாக மின்னும், செரிக்காட்டாவில் கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். முதுகுப் பக்கம் எடுத்த எந்தப் படத்திலும் இந்த இரண்டும் தெரியாது. போதாக்குறைக்கு இவ்விரண்டும் கலப்பும் செய்கின்றன.

இப்போது உங்கள் படங்களுக்கு வருகிறேன். மார்பின் முதுகுப்புறப் பின்முனையில் இருக்கும் சிறிய தகடு இரண்டு படங்களிலும் நல்ல மஞ்சள். முகமும் நெற்றியும் மஞ்சள், மார்பின் மேற்புறம் கறுப்பு. உச்சந்தலையில் குளோரோபிட்டுக்குரிய பெரிய பளபளப்பான முக்கோணம் இல்லை. முதல் படத்தில் வயிற்று நுனியில் கறுத்த, குட்டையான, உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத குழாய் தெரிகிறது. அது முட்டையிடும் உறுப்பின் உறை, ஆகவே அது பெண். இலையில் பாம்பு போல நெளிந்த வெள்ளைச் சுரங்கமும், வெளிறிய சின்னக் குத்துப் புள்ளிகளும் இருக்கின்றன. பெண் ஈ இலையைக் குத்தி, கசியும் சாற்றைக் குடிக்கும், சில குத்துகளில் முட்டையும் இடும். இவ்வளவும் சேர்ந்துதான் லிரியோமைசா என்று சொல்ல வைக்கிறது.

டிரைஃபோலியையும் சடைவேயையும் பிரிக்க வெளியே இரண்டு அடையாளங்கள் உண்டு. டிரைஃபோலியின் மார்பு மேற்புறம் சாம்பல் பூச்சோடு மங்கிய கறுப்பாக இருக்கும், சடைவேயில் மினுமினுக்கும் கறுப்பு. அடுத்தது, தலை உச்சியில் கண்ணின் பின்மூலையை ஒட்டிப் பக்கத்துக்கு இரண்டு முள்மயிர்கள் நிற்கும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. டிரைஃபோலியில் இரண்டின் அடியும் மஞ்சளில் இருக்கும். சடைவேயில் கண்ணுக்குப் பின்னாலிருந்து வரும் கறுப்பு வெளி முள்மயிரின் அடிவரை எட்டிவிடும். மூன்றாவதாக ஹுய்டோப்ரென்சிஸ் என்ற இனமும் உண்டு, அதில் இரண்டின் அடியும் பெரும்பாலும் கருமையில் இருக்கும், தொடைகளும் கறுப்புத் தீற்றலோடு தெரியும்.

உங்கள் முதல் படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் மார்பின் மேல் வெள்ளைத் திட்டாக விழுந்திருக்கிறது. மங்கிய தகடும் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். இரண்டாவது படத்தில் ஒளி நன்றாகப் பரவியிருக்கிறது, ஆனால் தலை கூர்மையாகக் குவியவில்லை. அதனால்தான் ஒன்றை மினுமினுப்பு என்றும் மற்றதை மங்கல் என்றும் செயலி எடுத்துக்கொண்டு இரண்டு பெயர் சொல்லியிருக்கக்கூடும் என்பது என் ஊகம். இந்த வெளி அடையாளங்களும் உறுதியானவை அல்ல, ஒவ்வோர் இனத்துக்குள்ளும் கறுப்பு கூடியும் குறைந்தும் வரும். முடிவான சான்று ஆணின் விந்து செலுத்தும் உறுப்பின் நுனி. டிரைஃபோலியில் அது நடுவில் நன்றாக இடுங்கிய ஒரே குமிழ், சடைவேயில் இலேசாக மட்டும் இடுங்கிய ஒரே குமிழ், ஹுய்டோப்ரென்சிஸில் விளிம்பில் தொட்டுக்கொள்ளும் இரண்டு குமிழ்கள். செடியை வைத்தும் சொல்ல முடியாது. மூன்றுமே பல குடும்பத்துச் செடிகளைத் தின்பவை, தக்காளி மூன்றுக்கும் பொது. ஒரே இலையில் இரண்டு இனங்கள் இருப்பதும் நடக்கக்கூடியதே.

இதைப் படித்துவிட்டுப் படங்களே வீண் என்று முடிவு செய்ய வேண்டாம். படத்திலேயே இனம் சொல்லக்கூடிய ஈக்கள் நிறைய. ஏடிஸ் எஜிப்டி கொசுவின் மார்பில் யாழ் வடிவ வெள்ளைக் கோடுகள், ஏடிஸ் ஆல்போபிக்டஸில் நடுவே ஒரே வெள்ளைக் கோடு. செதில் உதிராத கொசுவாக இருந்தால் முதுகுப் படம் ஒன்றே போதும். காய்கறிக் கொடிகளைத் தாக்கும் ஸூகோடாகஸ் குகுர்பிட்டே பழ ஈயின் (இது டிரோசோஃபிலா அல்ல, டெஃப்ரிடிட் குடும்பம்) மார்பில் பக்கத்தில் இரண்டு, நடுவில் ஒன்று என மஞ்சள் கோடுகள் மூன்று இருக்கும், இறக்கையின் குறுக்கு நரம்பு ஒன்றின் மேலே கரும்பட்டை ஓடும். பாக்ட்ரோசீரா ஸோனேட்டாவில் இறக்கை முன்விளிம்புப் பட்டை அறுந்துபோய் நுனியில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். அதே போன்ற இறக்கையுள்ள பாக்ட்ரோசீரா கரெக்டா என்ற இனத்திலிருந்து அதைப் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். ஸோனேட்டாவின் முகத்தில் இரண்டு கரும்புள்ளிகள் தனித்தனியாக இருக்கும், கரெக்டாவில் அவை பக்கவாட்டில் நீண்டு ஏறக்குறைய ஒரு பட்டையாகிவிடும். முகப் படம் ஒன்று இருந்தால் பிரித்துவிடலாம், இல்லையென்றால் முடியாது.

அதே பேரினத்தில் டார்சாலிஸ் தொகுதி எதிர்த்திசையில் ஒரு பாடம். முன்விளிம்புப் பட்டை முழுதாக இருந்து, வயிற்றில் கறுப்பு ‘T’ வடிவம் தெரிந்தால் டார்சாலிஸ் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அதே தோற்றத்தில் பல இனங்கள் உள்ளன. இன்வாடென்ஸ் என்று 2005இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ஈயும், பாப்பாயே என்று அழைக்கப்பட்டதும் உண்மையில் டார்சாலிஸே என்று 2015இல் ஒன்றாக்கப்பட்டன. உருவம், மரபணு, இணைசேரும் நடத்தை, மணப்பொருள் என எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகே அந்த முடிவுக்கு வந்தார்கள். காரம்போலே மட்டும் தனி இனமாகவே நிற்கிறது. வல்லுநர்களே பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கேள்விக்கு ஒற்றைப் படம் விடை சொல்லாது.

படம் எடுக்கும் முறையை மாற்றினாலே உங்கள் படங்களின் மதிப்பு பலமடங்கு கூடும். அழகான ஒரு கோணம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, இறக்கை நரம்பு தெரியும்படி ஒன்று, இவை ஒரே ஈயின் படங்கள் என்ற குறிப்போடு வேண்டும். பக்கவாட்டுப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மார்புப் பக்கத்து முள்மயிர்கள், கால்களின் நிறம், வயிற்று நுனி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே வெள்ளைத் தாளோ மெல்லிய பிளாஸ்டிக்கோ வைத்து ஒளியைப் பரப்புங்கள். கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸிலும் நல்ல படங்கள் வரும், ஆனால் கைபேசி தானாகச் செய்யும் மெருகேற்றலை முடிந்தவரை நிறுத்திவிடுங்கள், அது மெல்லிய மயிர்களை அழித்துவிட்டு இல்லாத கோடுகளை உண்டாக்கும். ஈ நகர்ந்துகொண்டே இருந்தால் மூடியுள்ள சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுச் சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சற்று நேரம் அடங்கியிருக்கும். அசையாத மாதிரி என்றால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கலாம். ஒரு மில்லிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைக்க மறக்காதீர்கள்.

படத்தோடு தேதி, இடம், செடி, அல்லது சாணம், பிணம், காளான் என எதன் மேல் உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இறக்கையை அசைத்தபடி நடந்தது என்ற ஒரு வரி, செப்சிட், உலிடியிட், டெஃப்ரிடிட் போன்ற குடும்பங்களின் பக்கம் உடனே திருப்பிவிடும். எறும்பு போன்ற செப்சிட் ஈக்களில் ஆணின் முன்கால் தொடையில் பல்லும் பள்ளமும் இனத்துக்கு இனம் வேறுபடும், பெண்ணின் இறக்கையைக் கவ்விப் பிடிப்பதற்கான அமைப்பு அது. ஆகவே அங்கே முன்காலின் படம் மற்ற எல்லாப் படங்களையும்விட முக்கியம்.

மாதிரி சேகரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஈக்கு நல்ல வழி வலை வீசுவதைவிட வளர்த்தெடுப்பது. புழு உள்ளே இருக்கும் இலைகளைக் காற்றோட்டமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் தாளோடு வையுங்கள். புழு வெளியேறிக் கூட்டுப்புழுவாகும், பிறகு ஈ வரும். ஆணும் பெண்ணும் சேர்ந்து கிடைக்கும், எந்தச் செடியிலிருந்து என்பதில் ஐயமே இருக்காது. வெளிவந்தவுடன் கொல்லாமல் ஒரு நாள் விட்டுவைத்தால் நிறம் முழுதாக ஏறும். அதே டப்பாவிலிருந்து நான்கு இறக்கைகளும் முழங்கை போல மடங்கிய உணர்கொம்பும் உடைய நுண்ணிய குளவிகளும் வரக்கூடும். அவை புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிகள், அவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள், அவையும் மதிப்புள்ள பதிவு.

உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் ஈ சேதமில்லாமல் இறந்துவிடும். பிறகு உலர்வாகவா, ஆல்கஹாலிலா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. சியாரிட், கூன் ஈ, கால்மிட்ஜ் (செடிகளில் முடிச்சு உண்டாக்கும் குட்டி ஈ) போன்ற மென்னுடல் ஈக்கள் உலர்ந்தால் சுருங்கிவிடும், அவற்றுக்கு 70 முதல் 80 சதவீத எத்தனால். மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டுமென்றால் 95 சதவீதத்துக்கு மேல், ஆனால் அதில் உடல் விறைத்து உடையும் தன்மைக்கு வந்துவிடும். ஊதா ஈ, சதை ஈ, வீட்டு ஈ வகைகளை உலர்வாக ஊசியில் குத்துவதே நல்லது, பொடிப் பூச்சும் முள்மயிரும் அப்படியே நிற்கும். ஊசியை நடு மார்பில் இறக்காதீர்கள். நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் இறக்கினால் இடப்பக்க முள்மயிர்கள் முழுதாகத் தப்பும், ஒரு பக்கம் சிதைந்தாலும் மறுபக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 3 மி.மீ.க்குக் குறைந்தவற்றைக் கூர்முனை அட்டைத் துண்டில் ஒரு துளி பசையால் பக்கவாட்டில் ஒட்டலாம், அல்லது மயிரிழை போன்ற நுண்ணூசியில் குத்தி அதை ஒரு சிறு துண்டில் நிறுத்தலாம். இடம், தேதி, சேகரித்தவர், செடி எழுதிய சீட்டு மாதிரியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். சீட்டு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து எதையும் பதிவு செய்ய முடியாது.

பிறப்புறுப்பைப் பார்ப்பது கேட்கும்போது பயமுறுத்தும், பழகினால் கைவந்துவிடும். ஆணின் வயிற்றின் பின்பகுதியைப் பிரித்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு விட்டால் தசை கரைந்து தோல்தகடுகள் மட்டும் மிஞ்சும். நீரில் கழுவி, ஒரு துளி அசிட்டிக் அமிலத்தால் காரத்தை நீக்கி, கிளிசரினில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் கிளிசரினோடு நுண்குப்பியில் அடைத்து அதே ஈயின் ஊசியிலேயே கீழே குத்தி வையுங்கள், பிரிந்துபோனால் பயனில்லை. காரக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். 2 மி.மீ. ஈக்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி மட்டும் போதாது, குமிழின் இடுக்கைப் பார்க்கக் கூட்டு நுண்ணோக்கி வேண்டும்.

மரபணுவைப் பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்பார்கள். ஒரு காலைப் பிய்த்துக் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து ஒப்பிடும் முறை 2003இலிருந்து பரவலாகியிருக்கிறது. பெண் ஈ, புழு, சிதைந்த மாதிரி ஆகியவற்றுக்கு இது பெரும் உதவி. லிரியோமைசாவிலும் நன்றாகவே உதவுகிறது. ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்தில் உள்ள மாதிரிக்கு யாரோ தவறான பெயர் வைத்திருந்தால் அந்தத் தவறே உங்களுக்கும் வந்துசேரும். அண்மையில் பிரிந்த இனங்களும், கலப்பு நடந்த இனங்களும் ஒரே மைட்டோகாண்ட்ரியாவைப் பகிர்ந்துகொள்ளும். புரோட்டோகலிஃபோரா என்ற ஊதா ஈப் பேரினத்தில் இந்தத் துண்டை வைத்து இனங்களை நம்பகமாகப் பிரிக்க முடியவில்லை என்று 2007இல் காட்டப்பட்டது. வோல்பாக்கியா என்ற, தாய்வழி பரவும் பாக்டீரியாவும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை தமக்குக் காட்டப்பட்ட படங்களில் உள்ள பெயர்களிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அடிக்கடி படம் எடுக்கப்படும் இனத்தின் பெயர் அதிகம் வரும், யாரும் படம் எடுக்காத இனத்தின் பெயர் வரவே வராது. குடும்பம்வரை யோசனை கேட்க அவை நல்ல துணை, இனப்பெயருக்கு அவற்றைச் சான்றாக வைக்காதீர்கள். அச்சிட்ட திறவுகோல்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு கண்டத்துக்காக எழுதிய திறவுகோலில் இன்னொரு கண்டத்து ஈயை ஓட்டினாலும் கடைசியில் ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே அந்த ஈ இல்லவே இல்லை என்று அது சொல்லாது. கிடைத்த பெயரை அந்த இனத்தின் முழு விவரிப்போடும், உங்கள் பகுதியில் அது பதிவாகியிருக்கிறதா என்பதோடும் ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

இப்போதைக்கு உங்கள் பதிவை ‘லிரியோமைசா, இனம் தீர்மானிக்கப்படவில்லை, பெண், தக்காளி இலை’ என்று மாற்றிவிடுங்கள். பயிரைத் தாக்கும் ஈ என்பதால் இதில் கறாராக இருப்பது நல்லது. பூச்சிக்கொல்லியைத் தாங்கும் தன்மை மூன்று இனங்களிலும் ஒன்றுபோல் இல்லை, தவறான பெயர் தவறான மருந்தில் கொண்டுபோய் விடும். புழு உள்ள பத்துப் பன்னிரண்டு இலைகளை டப்பாவில் வைத்து, வரும் ஈக்களில் வயிற்று நுனியில் கறுத்த குழாய் இல்லாதவற்றைத் தனியே எடுங்கள், அவைதாம் ஆண்கள். அவற்றில் பாதியை 80 சதவீத எத்தனாலிலும் மீதியை 95 சதவீதத்திலும் இடுங்கள். இடுவதற்கு முன் உயிரோடு இருக்கும்போதே தலை உச்சியைப் பின்னாலிருந்து, ஒளியை நன்றாகப் பரப்பி, படம் எடுத்துவிடுங்கள். வெளி முள்மயிரின் அடி மஞ்சளா கறுப்பா என்பது அந்தப் படத்தில் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும், மீதியை ஆணின் உறுப்பைப் பார்த்துச் சொல்லலாம்.